நாக்ஸ் பிளக்: மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 2022-ஆம் வருட ஹூண்டாய் அயானிக் 5 ஓட்டுகிறேன். அமெரிக்காவில் மின்சாரக் கார்களுக்கான சார்ஜிங் பிளக் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய கார்களில் ஒரு வகைத் துளை, புதுக் கார்களில் வேறு வகை. எங்கள் வாட்ஸப் குழுவில் வாரத்துக்கு ஒருவராவது "அடாப்டர் வாங்கணுமா, எது வாங்கணும், வீட்டுச் சார்ஜரைக் கழற்றணுமா" என்று கேட்டுவிடுகிறார்கள். பதில் தட்டித் தட்டி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கனடாவில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளக்தான் ஒன்றாகியிருக்கிறது. அதற்குப் பின்னால் நிற்கும் சார்ஜர்கள் இன்னும் பல ரகம். வருகிற கேள்விகளில் முக்கால்வாசி இங்கேதான் வந்து முட்டுகின்றன.

நாக்ஸ் என்பது என்ன? திடீரென்று எங்கிருந்து வந்தது?

2012-ல் மாடல் எஸ் வெளிவந்தபோதே டெஸ்லா தனக்கென்று ஒரு பிளக்கைச் செய்துகொண்டது. மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் வேறு வழியில் போயின. வீட்டிலும் அலுவலகத்திலும் மெதுவாக ஏற்றிக்கொள்ள ஜே1772 என்ற ஐந்து முனைப் பிளக். நெடுஞ்சாலையில் வேகமாக ஏற்ற, அதே பிளக்கின் அடியில் இரண்டு பெரிய முனைகளை ஒட்டவைத்த சி.சி.எஸ். டெஸ்லாக்காரர்கள் ஒரு பக்கம், மீதிப் பேர் இன்னொரு பக்கம் என்று பத்து வருடம் ஓடியது.

2022 நவம்பரில் டெஸ்லா தன் பிளக்கின் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டு, அதற்கு 'வட அமெரிக்கச் சார்ஜிங் தரம்' என்று பெயரும் சூட்டியது. அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் நாக்ஸ். ஒரு நிறுவனம் தன் பிளக்குக்கு ஒரு கண்டத்தின் பெயரையே வைத்துக்கொள்கிறதே என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஏழு மாதம்கூடச் சிரிக்க விடவில்லை. 2023 மே 25 அன்று ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி, எலான் மஸ்க்கோடு சேர்ந்து பேசிய நேரலையில் தாங்களும் அந்தப் பிளக்குக்கு மாறுவதாக அறிவித்தார். இரண்டு வாரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ். அப்புறம் ரிவியன், வால்வோ, மெர்சிடிஸ், நிசான், ஹோண்டா, ஹூண்டாய், கியா, பி.எம்.டபிள்யூ., டொயோட்டா என்று வரிசை கட்டினார்கள். டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன், 2024 பிப்ரவரியில் ஸ்டெல்லான்டிஸ்.

பிளக் சின்னதாக, கைக்கு அடக்கமாக இருப்பது உண்மைதான். ஆனால் இத்தனை பேரும் அதற்காக ஓடிவரவில்லை. அந்தப் பிளக்குக்குப் பின்னால் நாடு முழுக்க டெஸ்லாவின் வேகச் சார்ஜர்களான சூப்பர்சார்ஜர்கள் ஆயிரக்கணக்கில் நின்றன, போனால் வேலை செய்தன. மற்ற நிலையங்களில் திரை இருண்டுகிடக்கும் ஒரு சார்ஜர், கார்டை ஏற்காத இன்னொன்று என்று பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நாக்ஸ், ஜே3400, டெஸ்லா பிளக்: மூன்றும் ஒன்றா?

நம் வசதிக்கு ஒன்றுதான். வாகனத் துறையின் தரங்களை வகுக்கும் எஸ்.ஏ.இ. அமைப்பு இந்தப் பிளக்கை எடுத்து, 2023 கடைசியிலும் 2024-லும் முறையான ஆவணங்களாக வெளியிட்டபோது கொடுத்த எண் ஜே3400. இப்போது இது ஒரு நிறுவனத்தின் சொத்து இல்லை என்பதற்கு அந்த எண்தான் அத்தாட்சி. பெட்டியில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் குழம்ப வேண்டாம்.

உள்ளே அப்படி என்ன வித்தியாசம்?

சி.சி.எஸ். பிளக்கில் வீட்டு மின்சாரமான ஏ.சி.க்குத் தனி முனைகள், வேகச் சார்ஜர் தரும் டி.சி.க்குத் தனி முனைகள். அதனால்தான் அது மாவாட்டும் குழவி மாதிரி கனக்கிறது. நாக்ஸில் இரண்டே பெரிய முனைகள், வீட்டில் ஏ.சி. வந்தாலும் நெடுஞ்சாலையில் டி.சி. வந்தாலும் அதே முனைகள் வழியாகத்தான். கூடவே ஒரு எர்த், காரும் சார்ஜரும் பேசிக்கொள்ள இரண்டு சின்ன முனைகள். மொத்தம் ஐந்து.

அந்தப் பேச்சில்தான் சூட்சுமம். டெஸ்லாவின் பழைய சார்ஜர்கள் தங்களுக்குள் தனி மொழியில் பேசின. நாக்ஸ் பொதுத் தரமானபோது, சி.சி.எஸ். கார்கள் பேசும் அதே மொழியையே எடுத்துக்கொண்டார்கள். இதனால் அடாப்டருக்குள் மொழிபெயர்ப்பாளர் யாரும் உட்கார வேண்டியதில்லை. தடித்த செம்புக் கம்பிகள், வெப்பம் பார்க்கும் ஒரு சென்சார், ஒரு பூட்டு, அவ்வளவுதான். அடாப்டர் இருநூறு டாலர் அளவில் கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

என் கார் சி.சி.எஸ். காலாவதியாகிவிட்டதா? விற்றுவிடவா?

பிளக்குக்காக விற்காதீர்கள். எலெக்ட்ரிஃபை அமெரிக்கா, இ.வி.கோ போன்ற நிலையங்களில் சி.சி.எஸ். கேபிள்கள் இருக்கின்றன, அமெரிக்க அரசின் நெவி திட்டப் பணத்தில் கட்டிய நிலையங்களில் சி.சி.எஸ். கட்டாயம். பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, ஹூண்டாய் எல்லாம் கூட்டாகத் தொடங்கிய ஐயோனா தன் நிலையங்களில் இரண்டு வகைக் கேபிளும் வைக்கிறது. ஓர் அடாப்டரும் கையில் இருந்தால், பழைய சி.சி.எஸ். காருக்கு இன்று திறந்திருக்கும் கதவுகள் அது ஷோரூமை விட்டு வந்த நாளில் இருந்ததைவிட அதிகம். விற்கத்தான் வேண்டும் என்றால் பேட்டரி, குடும்பம் பெரிதானது என்று வேறு காரணம் தேடிக்கொள்ளுங்கள்.

அடாப்டர் என்று தேடினால் நாலு விதம் வருகிறது. எனக்கு எது?

தவறு நடப்பதே இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். என் காரில் இருக்கும் துளை எது? நான் செருகப்போவது ஏ.சி.யா, டி.சி.யா?

காரில் சி.சி.எஸ். துளை இருந்து, சூப்பர்சார்ஜரில் வேகமாக ஏற்ற வேண்டுமென்றால் வேண்டியது நாக்ஸிலிருந்து சி.சி.எஸ்.ஸுக்கு மாற்றும் டி.சி. அடாப்டர். கைக்குக் கனமாக இருக்கும். அதே கார், நண்பர் வீட்டில் மாட்டியிருக்கும் டெஸ்லா சுவர் சார்ஜரிலோ ஹோட்டல் வாகன நிறுத்தத்திலோ இரவு முழுக்க நிற்கப்போகிறது என்றால், நாக்ஸிலிருந்து ஜே1772-க்கு மாற்றும் ஏ.சி. அடாப்டர் வேண்டும். இது சின்னது, விலையும் குறைவு.

புதுக் காரில் நாக்ஸ் துளையே இருந்தால் எல்லாம் தலைகீழ். சி.சி.எஸ். நிலையத்துக்குப் போக சி.சி.எஸ்.ஸிலிருந்து நாக்ஸுக்கு ஒன்று, பழைய ஜே1772 சார்ஜருக்கு இன்னொன்று. சில நிறுவனங்கள் இவற்றைக் காரோடு தருகின்றன, சில தருவதில்லை. கையெழுத்துப் போடும் முன்னால் டீலரிடம் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சின்ன ஏ.சி. அடாப்டரை எடுத்துக்கொண்டு சூப்பர்சார்ஜருக்குப் போகாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் குடும்பத்தோடு போய் நின்று, "அடாப்டர் கெட்டுப்போச்சு" என்று படம் அனுப்பினார். படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடாப்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஏ.சி.க்கானது.

இணையத்தில் எண்பது டாலருக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

டி.சி. அடாப்டர் வழியாக நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் அரை மணி நேரம் விடாமல் ஓடுகிறது. உள்ளே தொடுமுனை சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த இடம் அடுப்பாகிவிடும். அடாப்டர்களுக்கென்றே யு.எல். 2252 என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்லது, கார் நிறுவனமே தருவதையோ பரிந்துரைப்பதையோ வாங்குவது. ஏதாவது ஆனால் வாரன்டியில் வாய் திறக்க முடியும்.

நிறுவனமே தந்தால் பிரச்சினையே வராது என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் ஃபோர்டு தான் அனுப்பிய அடாப்டர்களில் சிலவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னது. வேகம் குறையலாம், காரின் துளையே சேதமாகலாம் என்பது காரணம். வேறு ஒன்றை அனுப்பிவைத்தது. சான்றில்லாத எண்பது டாலர் அடாப்டருக்கு அப்படிக் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்?

ஹூண்டாய் 2025-ல் ஏற்கெனவே கார் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக அனுப்பியது. ஃபோர்டும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தது. பழைய கார் வாங்குகிறவர்கள், முந்தைய உரிமையாளரிடம் "அந்த அடாப்டர் எங்கே?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாவி மாதிரி அதுவும் காரின் பாகம்.

அடாப்டர் இருந்தால் எல்லா சூப்பர்சார்ஜரிலும் ஏறுமா?

இல்லை. வி2 என்ற பழைய தலைமுறை, டெஸ்லாவின் தனி மொழியை மட்டுமே பேசும். அடாப்டர் அழகாகப் பொருந்தும், ஒன்றும் நடக்காது. வி3, வி4 இரண்டும்தான் மற்ற கார்களோடு பேசும். கம்பத்தைப் பார்த்து இனம் கண்டுபிடிக்க முயல வேண்டாம். டெஸ்லா செயலியில் உங்கள் கார் வகையைப் போட்டுவிட்டால் அதற்குத் திறந்திருக்கும் நிலையங்களை மட்டும் காட்டும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு நிபந்தனை: உங்கள் கார் நிறுவனத்துக்கு டெஸ்லா அனுமதி திறந்திருக்க வேண்டும். ஃபோர்டுக்கு 2024 பிப்ரவரி கடைசியில் திறந்தது, அடுத்த மாதம் ரிவியன், செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், 2025-ல் ஹூண்டாய், கியா, மெர்சிடிஸ். ஒரே நாளில் எல்லோருக்கும் திறந்த கதவு இல்லை இது.

சில நிலையங்களில் 'மேஜிக் டாக்' என்று ஒன்று உண்டு. அடாப்டரைக் கம்பத்திலேயே பூட்டி வைத்திருப்பார்கள். செயலியில் கேட்டால் கேபிளோடு சேர்ந்து அதுவும் கழன்று வரும். உங்கள் கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம். எண்ணிக்கை குறைவு.

நிலையத்தில் போய் நின்றதும் என்ன செய்ய வேண்டும்?

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு ஏறக்குறைய 340 மைல். கிழக்குக் கரையில் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சாலை மனப்பாடம். அடாப்டர் வந்த பிறகு நான் போன முதல் நீண்ட பயணம் அதுதான், அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கேபிளின் தலையில் அடாப்டரை மாட்ட வேண்டும். காரில் மாட்டிவிட்டுக் கேபிளைத் தேடக் கூடாது. 'டக்' என்று ஒரு சத்தம் வரும்வரை அழுத்துங்கள். என் மனைவி பூ அழுத்துவது போல மென்மையாக அழுத்தினாள், சத்தம் வரவில்லை, சார்ஜும் ஏறவில்லை. பிறகு இரண்டையும் சேர்த்துக் காரில் செருக வேண்டும். செயலியில் கம்பத்தின் எண்ணைத் தொட்டால் அரை நிமிடத்தில் ஓடத் தொடங்கும். சில நிறுவனக் கார்களுக்கு அதுவும் வேண்டாம், செருகினாலே கணக்கில் எழுதிக்கொள்ளும்.

முடிந்ததும் செயலியிலோ காரிலோ நிறுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது இழுக்கப் பார்த்தால் பூட்டு விடாது. விடாதது நம் நன்மைக்கு; அந்த அளவு டி.சி. மின்சாரம் ஓடும்போது பிரித்தால் தீப்பொறி பறக்கும்.

என் கதையின் முக்கியமான கட்டம் இனிமேல்தான். காரிலிருந்து இழுத்தால் அடாப்டர் கேபிளோடு சேர்ந்தே வரும். அதைத் தனியாகக் கழற்றி எடுக்க வேண்டும். வெளியே தூறல், பின்சீட்டில் பையன் புளியோதரை டப்பாவைக் கவிழ்த்துவிட்டான். கேபிளைக் கம்பத்தில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். டர்ன்பைக்கில் 20 மைல் போன பிறகு, "அந்தக் கறுப்புக் கட்டியை எங்கேப்பா வெச்சே?" என்று பையன்தான் கேட்டான். அடுத்த எக்ஸிட்டில் திரும்பி அங்கே போனால், கம்பத்தில் தொங்கிய அடாப்டரைக் கழற்றி யாரோ நல்ல மனிதர் கம்பத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மழையில் நனைந்து உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அடாப்டரின் பையைத் திறந்த வாயோடு ஓட்டுநர் இருக்கையில் வைக்கிறேன். பை காலியாக இருந்தால் உட்கார முடியாது.

கேபிள் எட்டவில்லை. இரண்டு இடத்தை அடைத்து நிறுத்தலாமா?

டெஸ்லாவில் துளை பின்பக்க இடது மூலையில். வி3 கேபிளின் நீளம் அந்த மூலைக்கு அளவெடுத்துத் தைத்தது. ஃபோர்டு மாக்-இ, ஷெவி போல்ட் இரண்டிலும் முன்பக்க இடது சக்கரத்தின் மேல். என் அயானிக்கில் பின்பக்க வலது மூலை. நேராக நிறுத்தினால் எட்டாது, பக்கத்து இடத்தில் நிறுத்தி அந்தக் கம்பத்தின் கேபிளை இழுக்க வேண்டும். ஆக ஒரு கார், இரண்டு கம்பம். டெஸ்லாக்காரர்கள் முறைத்துப் பார்ப்பது இதற்காகத்தான், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வரிசையின் ஓரத்துக் கம்பம் காலியாக இருந்தால் அதை எடுங்கள், யாருக்கும் இடைஞ்சல் இராது. வி4 கம்பங்களில் கேபிள் நீளம், பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். நெரிசலான ஞாயிற்றுக்கிழமை மாலையில் வி3-ல் இரண்டு இடத்தை அடைப்பதைவிட, நாலு மைல் தள்ளியிருக்கும் சி.சி.எஸ். நிலையத்துக்குப் போவது மேல் என்பது என் கட்சி.

எக்ஸ்டென்ஷன் கேபிள் விற்கிறார்களே?

வேண்டாம். டெஸ்லா அதைத் தடை செய்திருக்கிறது. சார்ஜரின் வெப்பக் கணக்கு அதன் கேபிளுக்கு மட்டும் போட்டது.

பெரிய சார்ஜர்தான், ஆனால் என் காரில் மெதுவாக ஏறுகிறதே?

காரின் பேட்டரி எத்தனை வோல்ட் என்பதைப் பாருங்கள். வி3 சூப்பர்சார்ஜர் 400 வோல்ட் ரகக் கார்களுக்காகக் கட்டியது. உச்சம் 250 கிலோவாட், ஆனால் ஏறக்குறைய 500 வோல்ட்டுக்கு மேல் அதால் தள்ள முடியாது. அயானிக் 5, கியா இ.வி.6 போன்றவை 800 வோல்ட் ரகம். தாழ்ந்த தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஏறாது, நடுவில் மோட்டார் வேண்டும். இந்தக் கார்களில் அந்த வேலையைச் செய்வது நிஜமாகவே மோட்டார்தான்: பின்சக்கரத்தை ஓட்டும் மோட்டாரையும் இன்வெர்ட்டரையுமே பயன்படுத்தி வோல்ட்டை உயர்த்திக்கொள்கின்றன. அதற்கு ஓர் எல்லை உண்டு. என் காரில் சூப்பர்சார்ஜரில் 100 கிலோவாட் பக்கத்தில் நின்றுவிடுகிறது. 350 கிலோவாட் சி.சி.எஸ். சார்ஜரில் இதே கார் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2025 அயானிக் 5-ல் நாக்ஸ் துளையைப் பிறப்பிலேயே வைத்துவிட்டார்கள். டெஸ்லா அல்லாத கார்களில் அதுதான் முதல். 10 சதவீதத்திலிருந்து 80-க்குப் போக வி3 சூப்பர்சார்ஜரில் 30 நிமிடம் என்றும், அடாப்டர் போட்டு 350 கிலோவாட் சி.சி.எஸ். சார்ஜரில் 20 நிமிடம் என்றும் ஹூண்டாயே சொல்கிறது. சொந்தப் பிளக்கைவிட அடாப்டர் வேகம்! லூசிட் நிறுவனத்தின் ஏர் கார் சூப்பர்சார்ஜரில் 50 கிலோவாட்டோடு நின்றுவிடும், அதே நிறுவனத்தின் கிராவிட்டி 225 கிலோவாட் வரை வாங்கும். இரண்டுக்கும் எதிரே நிற்கும் கம்பமும் பிளக்கும் ஒன்றுதான்.

1000 வோல்ட் வரை தரக்கூடிய முழு வி4 சார்ஜர்கள் 2025-ல் வரத் தொடங்கியிருக்கின்றன. அவை பரவினால் 800 வோல்ட்காரர்களின் புலம்பல் அடங்கும். அதுவரை நான் செய்வது இது: நெடுஞ்சாலையில் நல்ல 350 கிலோவாட் நிலையம் வழியில் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் சூப்பர்சார்ஜர். சாப்பாட்டு நேரமாக இருந்தால் எங்கே நின்றாலும் ஒன்றுதான். நாம் இலையை மடிப்பதற்குள் கார் தயாராகிவிடும்.

உங்கள் கார் 400 வோல்ட் ரகமென்றால் இந்தப் பதில் முழுவதையும் மறந்துவிடலாம்.

கட்டணம் எப்படி?

டெஸ்லா அல்லாத கார்களுக்கு சூப்பர்சார்ஜரில் யூனிட் விலை கணிசமாகக் கூடுதல். மாதச் சந்தா கட்டினால் டெஸ்லாக்காரர்களின் விலைக்கே வந்துவிடும். நீண்ட பயணம் போகும் மாதம் மட்டும் சந்தா எடுத்து, திரும்பி வந்ததும் நிறுத்திவிடுங்கள். நிறுத்த மறந்தால் லாபம் அவர்களுக்கு. சார்ஜ் முடிந்த பிறகும் காரை எடுக்காமல் நின்றால் நிமிடக் கணக்கில் அபராதம் உண்டு.

வீட்டில் ஜே1772 சார்ஜர் இருக்கிறது. நாக்ஸ் கார் வாங்கினால் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒரு சின்ன ஏ.சி. அடாப்டர் போதும். அதைக் கேபிளிலேயே விட்டுவிட்டால் அடாப்டர் என்ற நினைப்பே இராது. எலக்ட்ரீசியன் யாராவது "தரம் மாறிப்போச்சு, எல்லாத்தையும் புதுசா இழுக்கணும்" என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். 240 வோல்ட்டில் 48 ஆம்பியர், அதாவது 11.5 கிலோவாட், எந்தப் பிளக் வழியாக வந்தாலும் அதேதான். அதற்கு 60 ஆம்பியர் பிரேக்கர் வேண்டும் என்பதிலும் மாற்றமில்லை.

புதிதாக மாட்டுகிறீர்கள், வீட்டில் ஒரு பழைய கார், ஒரு புதுக் கார் என்றால் மட்டும் இரண்டு பிளக்கும் தரும் சுவர் சார்ஜரைப் பார்க்கலாம். டெஸ்லாவே அப்படி ஒன்றை விற்கிறது.

வாடகைக் குடியிருப்பிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பெரிய கட்டடங்களின் மின்சாரம் பல இடங்களில் 277 வோல்ட். ஜே3400 அதை நேராகவே வாங்கிக்கொள்ளும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கும் செலவு மிச்சம் என்பதால், நிர்வாகத்திடம் சார்ஜர் கேட்டு மனு போடுகிறவர்கள் இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

புதுக் கார் வாங்கப்போகிறேன். நாக்ஸ் துளை வரும்வரை காத்திருக்கவா?

பல கார்களில் வந்துவிட்டது. ஆனால் பிடித்த கார் நல்ல விலைக்குக் கிடைத்து, அதில் சி.சி.எஸ். இருந்தால் நான் வாங்கிவிடுவேன். அடாப்டர் செலவு அந்தத் தள்ளுபடியில் கால்தூசு. துளை எது என்பதைவிட, எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை வோல்ட் என்பதை முதலில் கேளுங்கள்.

நிசானின் புது லீஃப் மாதிரி விசித்திரங்களும் உண்டு. 2026 மாடலில் இரண்டு துளை: வலது முன்பக்கம் டி.சி.க்கு மட்டும் நாக்ஸ், ஓட்டுநர் பக்கம் ஏ.சி.க்கு ஜே1772. நாக்ஸ் துளை இருக்கிறதே என்று டெஸ்லா சுவர் சார்ஜரை அதில் செருகினால் ஏறாது.

என்னுடையது பழைய லீஃப். சாடெமோ துளை.

உங்களுக்குத்தான் கஷ்டம். ஜப்பானில் பிறந்த வேகச் சார்ஜிங் முறையான சாடெமோ பேசும் மொழியே வேறு. வெறும் செம்புக் கம்பி அடாப்டர் உதவாது. உள்ளே எலக்ட்ரானிக்ஸ் வைத்து மொழிபெயர்க்கும் விலை உயர்ந்த பெட்டிகள்தான் வழி. வீட்டில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஓட்ட அந்தக் கார் இன்னும் அருமையானது. வெளியூருக்கு வேறு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

பனிக்காலத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அடாப்டரை டிக்கியில் போடாமல் காருக்குள் வையுங்கள். உள்ளே ஈரம் புகுந்து உறைந்தால் பூட்டு விழாது. அப்புறம், குளிர்ந்த பேட்டரி எந்தப் பிளக்கிலும் மெதுவாகத்தான் வாங்கும். பல கார்கள், அவற்றின் சொந்த வழிகாட்டியில் சார்ஜரைச் சேருமிடமாகப் போட்டால்தான் பேட்டரியை முன்கூட்டிச் சூடாக்கும். கைப்பேசி வழிகாட்டியை மட்டும் நம்பிப் போனால் காருக்கு ஒன்றும் தெரியாது.

ஊரில் அப்பா மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். அங்கேயும் இது வருமா?

இந்தியாவில் கார்களுக்கு வேரூன்றியிருப்பது ஐரோப்பாவில் இருக்கும் சி.சி.எஸ்.2. அமெரிக்க சி.சி.எஸ்.ஸோடு அது பொருந்தாது, நாக்ஸோடும் பொருந்தாது. 2025-ல் மும்பையில் கடை திறந்த டெஸ்லாவே அங்கே சி.சி.எஸ்.2-தான் வைத்து விற்கிறது. இங்கிருந்து அடாப்டர் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பெட்டியில் அந்த எடைக்கு பாதாம் கொண்டுபோனால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

நிலையத்தில் யாராவது அடாப்டரைக் கடன் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன் அவர்கள் காரின் நிறுவனத்துக்கு சூப்பர்சார்ஜர் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறக்கவில்லையென்றால் அடாப்டர் கொடுத்தும் பயனில்லை. அவர்கள் காரில் பூட்டியிருக்கும்வரை நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நான் மறந்தேன். ஹாரிஸ்பர்க் பக்கம் ஒரு பெரியவர் 9 சதவீதத்தோடு வந்து நின்றார், கையில் அடாப்டர் இல்லை. என் வேலை முடிந்துவிட்டதால் உடனே கழற்றிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்: பழைய ஷெவி போல்ட். எவ்வளவு பெரிய சார்ஜராக இருந்தாலும் 55 கிலோவாட்டுக்கு மேல் வாங்காத கார். அவர் வீடு போய்ச் சேரும் அளவுக்கு ஏறும்வரை முக்கால் மணி நேரம், ஃப்ளாஸ்கில் இருந்த காபியை இருவரும் பகிர்ந்து குடித்தோம். அவருக்குச் சர்க்கரை போதவில்லையாம்.